அக்கா கண்டுபிடித்த கல்

எங்கள் அக்கா வானத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடித்தது பட்டப்பகலில், விளாங்குடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. "எந்த மொட்டை மாடியில ஏறிப் பாத்துச்சு?" என்பார்கள்.

எங்கோ தூரதேசத்துத் தொலைநோக்கி எடுத்த படங்கள், மாணவர்கள் தேடிப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கு வரும். வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரமெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். நகரும் புள்ளிதான் சிறுகோள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா இரண்டு மாதம் விடாமல் பார்த்தாள். எட்டு வயதுக்காரி நானும் பக்கத்தில் முட்டிபோட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் இருந்த தூசிதான்.

ஒருநாள் படம் அனுப்பியவர்களிடமிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. அக்கா கண்ட புள்ளி புதியதாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிறதாம். பாதை உறுதியானால் பெயர் வைக்கலாமாம்.

பெயர் என்றதும் மாமா துள்ளி எழுந்தார். அம்மாவின் தம்பி; பழங்காநத்தத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். வைகாசியில் முடித்துவிடலாம் என்று அக்காவுக்கு வரன் கொண்டுவந்தவரும் அவர்தான். மறுநாளே மெயின் ரோட்டில் பெரிய பேனர். அக்கா கைகூப்பி நிற்க, தலைக்கு மேலே வளையம் போட்ட சனிக்கிரகம். கீழே 'வானில் எங்கள் குலசாமி'. டீக்கடையில் எல்லோரும் விசாரிக்க, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினாள். வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. கல் சூரியனை ஒருமுறை சுற்றவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். பாதை உறுதியாகும் வரை கண்டுபிடித்தவர் படிப்பை விடக் கூடாது; இனிஷியலும் மாறக் கூடாது.

"கல்யாணம் ஆகி மாறிருச்சுன்னா?" என்றார் மாமா.

"பேரு வைக்கிற உரிமை வேற ஆளுக்குப் போயிரும் மாமா."

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "பேனர் வச்சாச்சே மாப்ள! எறக்குனா ஊரு சிரிக்காதா?"

மாமா செல்போனைக் கையில் எடுத்தார். "மாப்பிள்ள வீட்டுல நான் பேசிக்கிறேன் மச்சான். புள்ள படிக்கட்டும்."

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பத்தே வரி. பாதை உறுதியாக வருஷக்கணக்காகும் என்றிருந்தது. படிப்பும் இனிஷியலும் அதில் எங்குமே இல்லை. கல்லுக்கு இன்னும் பெயர் வரவில்லை. மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள்.

பேனர் வைத்த அன்று மாமா கிளம்பிப் போனதும் நான் அழுதுகொண்டே அக்காவிடம் போனேன். கல்லுக்குப் பெயர் வைக்க நாலு வருஷம் காத்திருப்பது எனக்குத் தாங்காது.

"சீக்கிரமா சுத்த வைக்க முடியாதாக்கா?"

அவள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "மெதுவாவே சுத்தட்டும்டி. என்ன அவசரம்?" என்று சிரித்தாள்.

தான் கண்டுபிடித்த கல்லின் மேல் இவளுக்குக் கொஞ்சம்கூட அக்கறை இல்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.