எக்ஸ்ரே அறையில் ஒரு தாயத்து

1960களின் தொடக்கத்தில் என் நுரையீரலில் சிறு காசநோய்க் கட்டி ஒன்று தெரிந்தது. மாத்திரை கொடுத்து, அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னார்கள். சிங்கப்பூரில் நான் இருந்த தேக்காவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போவேன்.

படம் எடுப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண். ஒல்லியான உடம்பு, வெள்ளை யூனிஃபார்ம், இழுத்துக் கட்டிய கொண்டை. பெயர் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. நெஞ்சை வைக்கிற தகடு சில்லென்றிருக்கும். அதை முதலில் தன் உள்ளங்கைகளால் தேய்த்துச் சூடாக்குவார். அந்தச் சூட்டில் சாய்ந்து மூச்சைப் பிடித்து நிற்பேன்.

முதல் தடவை கழுத்தில் கட்டியிருந்த தாயத்தைக் கழட்ட மறந்துவிட்டேன். அது வெள்ளையாக விழுந்து படம் கெட்டது. மறுபடி எடுத்தார்.

கட்டி கரைந்துவிட்டது, இதுதான் கடைசிப் படம் என்று டாக்டர் சொன்ன அன்று, தாயத்தை வேண்டுமென்றே பனியனுக்குள் விட்டுவைத்தேன். கறுப்புக் கயிறு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“மறந்துட்டேன் லா,” என்றேன்.

“நீங்கள் மறக்கேல்லை,” என்று கையை நீட்டினார்.

படம் எடுத்து முடியும்வரை தாயத்து அவர் கைக்குள் இருந்தது. திருப்பித் தரும்போது, “இனி இஞ்ச வரப்படாது, சரியோ?” என்றார்.

தாயத்து சூடாக இருந்தது. தேக்கா வரும்வரை அதைக் கட்டாமல் கைக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன்.

இன்றும் லேசாக இருமினால் என் மனைவி பயந்துபோகிறாள். எனக்கு என்னவோ பயம் வருவதில்லை.