ஆர்கன் வாசித்தவளுக்கு நான் கொடுத்த கடிதம்

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். இரண்டாவது பதவியைத்தான் பெரிதாக நினைத்தேன்.

எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என் எம்.எஸ்ஸி. மாணவி. நான் பதினைந்து நாளாக முட்டிக்கொண்டிருந்த ஒரு தேற்றத்தை, ஆராதனைத் தாளின் பின்புறத்தில், பிரசங்க நேரத்தில் நிரூபித்துவிட்டாள். பிரசங்கம் நீளமாக இருந்ததால் நிரூபணத்தில் ஒரு படியும் விடுபடவில்லை.

ஜெர்மனியில் ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பித்தாள். என் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அந்த வாரம் கமிட்டி கூடியது.

"அந்தப் பொண்ணு போயிட்டா கிறிஸ்துமஸுக்கு யாரு வாசிக்கிறது?" என்றார் எங்கள் சபைப் போதகரான ஐயர்.

"லெட்டர் நம்ம சார்தானே எழுதணும்," என்றார் பாடகர் குழுத் தலைவர், காப்பியை ஆற்றியபடி.

அவளுடைய எதிர்காலத்துக்காக உருக்கமாக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

மறுநாள் காலை எழுதினேன். அவள் இசைத்திறமைக்கு மூன்று பத்தி. கணிதத்துக்கு ஒரே வரி: 'உழைப்பாளி, நேரம் தவறாதவர்.' தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: கணிதத்தில் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. நான் பல குழுக்களில் உட்கார்ந்தவன். கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை.

இடம் கிடைக்கவில்லை. "பரவால்ல சார், அவ்ளோ வேலையிலயும் எழுதிக் குடுத்தீங்களே," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அற்புதமாக வாசித்தாள். நிகழ்ச்சியைச் சிறப்பாக நடத்தியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, பொத்தானை அழுத்தினால் எல்லாப் பாட்டையும் தானே வாசிக்கும் கருவி ஒன்றைக் கமிட்டி வாங்கியது. "இது ஜெர்மனிக்குப் போறேன்னு கேக்காது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதை நினைத்தால்தான் இன்று அதிகம் கூசுகிறது.

அவள் இப்போது கீழ்க்கட்டளையில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தாள். மறுபடி விண்ணப்பிக்கிறாளாம், கடிதம் வேண்டுமாம். பழைய கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

இரண்டு தடவை படித்தாள்.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றாள். நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இந்த வாட்டி வேற யார்கிட்டயாவது வாங்கிக்கிறேன்."

வாசல்வரை போனேன். காப்பிகூடக் கொடுக்கவில்லை என்பது அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.