மாடிவீட்டு அக்காவை எழுதிய விதம்

எதிர்வீட்டு மாடியில் ஓர் அக்கா பதினோரு வருடங்களாகத் தனியாக இருக்கிறார். சிறுமலையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். இதுவரை எழுதியதில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள எனக்கிருப்பது அந்தக் கதைதான்.

முதலில் எழுதியது சரியாக வரவில்லை. வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டினேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் காய்கறி வியாபாரி ஒருவர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, அந்தம்மா கர்வக்காரின்னு நீங்க சொல்லிக்கிட்டே இருக்கறீங்க. எனக்கு அந்தம்மா கண்ணுக்கே தெரியலீங்களே?"

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் மட்டும் 'கர்வம்' நான்கு இடத்தில், 'தனிமை' ஆறு இடத்தில். அத்தனையையும் அடித்துவிட்டு என் நாட்குறிப்புகளை எடுத்தேன். தினமும் எழுதுகிறவள் நான். அக்கா வரும் பக்கங்களில் எல்லாம் துண்டுத்தாள் செருகினேன்.

மோட்டார் பழுதான நாள்: இருபத்திரண்டு படி, ஏழு குடம் தண்ணீர். என் கணவர் கை நீட்டியதற்கு, "வழிய விடுங்க தம்பி."

காய்ச்சல் என்று கேள்விப்பட்டுக் கதவைத் தட்டிய நாள்: சங்கிலியை எடுக்காமல் நான்கு விரற்கடை திறந்து, "மாத்திரை போட்டாச்சு." அந்த இடைவெளியில் பார்த்தேன். தலை வாரிப் பூ வைத்திருந்தார்.

பூக்காரம்மா சொன்னது: "வந்துட்டாக கலெக்டரம்மா! ஒரு சாண் பூ கூடுதலா விட்டா, அதயும் கிள்ளி நம்ம கையிலயே குடுத்துருவாக."

நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கஞ்சி போகும். எங்கள் தெருவில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சீனியாவது இருக்கும். அக்கா தரும் தூக்குவாளியில் ஆறு மலைவாழைப்பழம் இருக்கும்.

நடந்ததை மட்டும் அடுக்கினேன். நான் ஒதுங்க ஒதுங்க அவர் தாளில் எழுந்து நின்றார். முடிவில்தான் நடக்காததை எழுத எனக்கு ஆசை வந்துவிட்டது. காய்ச்சலில் கிடப்பவருக்கு எதிர்வீட்டுக்காரி கஞ்சி கொண்டுபோகிறாள். அவர் அழுகிறார். மறுநாள் பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருகிறது. அவருடைய வீம்பு உடைந்ததை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

படித்தால் தெருவே அவரை அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் அவரிடமே கொடுத்துக் கேட்பது, வேண்டாம் என்றால் கிழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுத்தேன். நான்கு மணிக்கு மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, மேல வா."

இத்தனை வருடத்தில் முதல் அழைப்பு. கதை போனாலும் போகட்டும், இனி முகம் கொடுத்துப் பேசுவாரா என்பதுதான் பயமாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, தாள்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏழு கொடமில்ல, எட்டு."

"திருத்திர்றேன்க்கா."

"பூக்காரி என்னயக் கலெக்டரம்மாங்கறாளா?"

"ஆமாக்கா."

"சொல்லட்டும், சொல்லட்டும்." உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு கடைசித் தாளை எடுத்து நீட்டினார். "இது ஆரு?"

"நீங்கதான்க்கா."

"நானா? வெறும் பாத்திரத்தயா குடுத்து விடுவேன்? எந்திரிக்க முடியாமக் கெடந்தாலும் ஒரு பிடி சீனி அள்ளிப் போட எனக்குக் கையில்லையா? அழுதேன்னு வேணும்னா எழுதிக்க. அத ஆரு பாத்தா? வெறும் பாத்திரம்னு மட்டும் எழுதிறாத."

"மத்தத வாசிக்கலாமாக்கா?"

"எட்டுன்னு திருத்திட்டு வாசி."

வந்ததும் திருத்தினேன். எழுந்து நிற்க முடியாதவர் சுவரைப் பிடித்து நடந்துபோய், சீனி டப்பாவைத் திறக்கிறார் என்று முடித்தேன். அழுகையை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார்தான். ஆனால் சீனி டப்பாவுக்குப் பிறகு அதற்கு வேலை இல்லை. எடுத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். முடிந்ததும் வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் எறங்கி வரலீங்களே அந்தம்மா!"

"வர மாட்டாங்க" என்றேன், என் கூடப் பிறந்த அக்காவைப் பற்றிச் சொல்வதுபோல.