மதாமின் நீலக் கால்மிதி

மதாமை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதையும் சொல்ல வேண்டாமாம். மதாம் வெளியூர் போயிருக்கிறார், வர நாளாகும் என்று சொல்லி வைத்தால் போதுமாம். சின்னப் பிள்ளைகள், போகப்போக மறந்துவிடுவார்களாம். பெற்றோரிடமும் பேசிவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதரும் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வாயை அடக்கிக்கொண்டு மதாமின் வகுப்பை நோக்கி நடந்தேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகள். ஒன்று எல்லாப் பள்ளிகளையும் போல. இன்னொன்றில் சேரும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் பிரெஞ்சு. கணக்கும் பிரெஞ்சு, படம் வரைவதும் பிரெஞ்சு, மூக்கைச் சிந்தச் சொல்வதும் பிரெஞ்சு. வீட்டில் தமிழைத் தவிர வேறெதுவும் காதில் விழாத குழந்தையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெற்றோர் கேட்டுக்கு வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் குழந்தைகளை முதலில் கையில் வாங்கிக்கொள்கிற ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் மதாம்; பிரெஞ்சில் அம்மா என்பது போல ஒரு மரியாதைச் சொல் அது. நான் பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு. அவர் பாடுபட்டுத் தயார் செய்து அனுப்பும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நோகாமல் நல்ல பெயர் எடுத்தவள்.

அவரும் பிரெஞ்சு பேசிக்கொண்டே பிறந்தவர் இல்லை. கப்பல் கம்பெனி ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். அங்கே வரும் பிரெஞ்சுக் கடிதங்களைப் படிக்க ஆளில்லை என்று மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கடிதங்கள் சீக்கிரமே அலுத்துவிட்டன, மொழி அலுக்கவில்லை என்பார். குட்டை உருவம். அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். எந்த உடைக்கும் பொருந்தாத ஒரு பழுப்பு ஸ்வெட்டர், அதன் இரண்டு பைகளிலும் பிள்ளைகளின் மூக்குக்கென்று துவைத்து மடித்த கைக்குட்டைகள். தெருமுனைப் பழக்கடைக்காரருக்கும் அவர் மதாம்தான். பள்ளிக்கு வெளியே அவரை அக்கா என்று கூப்பிட்டவள் நான் ஒருத்திதான்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். பிரெஞ்சு வாசனையே கிடையாது. பள்ளியில் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாத அக்கா, வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தால் படுக்கும்வரை ஓயமாட்டார். "பள்ளிக்கூடத்துல மிச்சம் புடிச்சதையெல்லாம் என் தலையிலதான் கொட்டுறா" என்று அவர் எனக்கு டீயை நீட்டிக்கொண்டே முறையிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போன அக்கா இறங்கி வரவில்லை. கீழே பேச்சுச் சத்தம் கேட்காததால்தான் அவர் மேலே போய்ப் பார்த்தார். இதயம் நின்றுபோயிருந்தது.

மதாமின் வகுப்பு வாசலில் ஒரு நீலக் கால்மிதி உண்டு. இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான். வகுப்புக்குள் தமிழ் கூடாது, ஆனால் கால்மிதியில் கூடும். ஒரு பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டாலோ, வயிற்றை வலித்தாலோ, பிரெஞ்சில் அடங்காத துக்கம் ஏதாவது இருந்தாலோ, போய் அதில் நிற்க வேண்டும். மதாம் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, தானும் அதில் குந்தி உட்கார்ந்து, தமிழில் கேட்பார், தமிழில் பதில் சொல்வார். பிறகு இருவரும் உள்ளே போய்விடுவார்கள். என் அறையில் அந்த ஏற்பாடு கிடையாது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இதனால் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. கால்மிதியில் ஏறினால்தான் மதாமுக்குத் தமிழ் வரும், இறங்கினால் போய்விடும். ஒருநாள் நானும் அக்காவும் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். சுண்டெலி என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் பெண் எங்கிருந்தோ ஓடிவந்தாள். மதாமிடம் எதையோ சொல்லியாக வேண்டும், வாய் துடிக்கிறது, ஆனால் சுற்றுமுற்றும் பார்த்துத் தவிக்கிறாள். கடைசியில் கடைக்காரரின் காலிச் சாக்கு ஒன்றை இழுத்துவந்து மதாமின் காலடியில் விரித்தாள். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கூடையோடு சாக்கில் ஏறிக் குந்தினார்.

"சொல்லு கண்ணு, என்ன விஷயம்?"

"எங்க வீட்ல தம்பி பொறந்திருக்கான்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். கடைக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் தராசைப் பிடித்தபடி நின்றார்.

வகுப்பில் கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன் இருந்தது. அது செத்தபோதும் இதே பிரின்சிபல் வந்து, அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கிப் போட்டுவிடலாம், பிள்ளைகளுக்குத் தெரியவா போகிறது என்றார். மதாம் கேட்கவில்லை. செத்துப்போனது என்பதற்கு பிரெஞ்சில் என்ன சொல்லோ அதையே சொன்னார். தூங்குகிறது என்றோ ஊருக்குப் போயிருக்கிறது என்றோ பூசி மெழுகவில்லை. பிள்ளைகளைத் தொட்டியருகே கூட்டிப்போய், இனி நீந்தாது, சாப்பிடாது, திரும்பி வராது என்று காட்டினார்.

மீன் விஷயத்திலேயே பொய் சொல்லாதவரைப் பற்றி நான் எப்படிப் பொய் சொல்வது? வாசலில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

உள்ளே போனேன். பழுப்பு ஸ்வெட்டர் நாற்காலியின் முதுகில் தொங்கியது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மதாம் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த சின்னச் சின்னச் சொற்களில் நானும் பிரெஞ்சிலேயே சொன்னேன். மதாம் இறந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. இனி வரமாட்டார். மீனைப் போலவா என்று ஒரு குரல் கேட்டது. ஆமாம் என்றேன்.

சுண்டெலி எழுந்தாள். நேராகப் போய்க் கால்மிதியில் நின்றாள். பழக்கதோஷத்தில் முதலில் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் போனேன். முழங்கால் முறுக்கிக்கொள்ள அவளுக்கு எதிரே குந்தினேன்.

"வலிச்சுதா அவங்களுக்கு?"

"எனக்குத் தெரியல கண்ணு. சீக்கிரமா முடிஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னார்."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த பிள்ளை வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. ஒருவன் என் தோளில் சாய்ந்துவிட்டுப் போனான். ஒருத்தி, ஆடும் பல்லை மதாமிடம் காட்ட வைத்திருந்ததாகச் சொல்லி எனக்குக் காட்டினாள். எப்போதும் ரகளை செய்யும் ஒருவன் கால்மிதியின் ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிண்டிக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

"நாங்க சத்தம் போட்டதாலயா டீச்சர்?"

"இல்லவே இல்லடா. உங்க சத்தம் அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

தலை நிமிர்ந்தால் தாழ்வாரத்தில் பிரின்சிபல். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார், வந்த வழியே போய்விட்டார். அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வரிசை முடிந்தது. சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். சுண்டெலி திரும்பவும் வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க டீச்சர்."

"நானா? நான் என்ன சொல்ல?"

"எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க மட்டுந்தான் சொல்லல."

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது நான். வண்டி பிடித்தது நான். வந்தவர்களுக்கு நாற்காலி தேடிப் போட்டது நான். அக்காவின் வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார், யாராவது நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. கண் கலங்க நேரமில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எங்க அக்கா வேணும்" என்றேன். பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.

சுண்டெலி எழுந்து உள்ளே போனாள். நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரின் பையில் கைவிட்டு, மடித்திருந்த கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். திரும்பி வந்தவள் கால்மிதியில் ஏறவில்லை. வகுப்புக்குள்ளேயே நின்றுகொண்டு, கைக்குட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டி, மூக்கைச் சிந்தும்படி பிரெஞ்சில் சொன்னாள். மதாமின் அதே அதட்டல். நான் சிந்தினேன்.