சண்முகசுந்தரம் வெட்டிய சொல்

செய்தி வந்தபோது நான் கரியாஹாட் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைபேசியில், நம் தமிழ்ச் சங்கத்தின் குழுவில் இப்படி ஒரு தகவல்: "சங்கத்தின் முன்னாள் செயலாளரும் மாத மடலின் ஆசிரியருமான திரு. சண்முகசுந்தரம் அவர்கள் நோயுடன் இறுதிவரை போராடி இன்று காலை காலமானார்." எடுத்த முருங்கைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு, நடைபாதைக் கடைகளுக்கு நடுவே நின்று அதை மூன்று தடவை படித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தேகம். யார் எழுதியது இதை?

மடலைத் தொடர்ந்து படித்துவந்தவர்களுக்கு என் சந்தேகத்தின் காரணம் சொல்லாமலே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆசிரியராக இருந்த இருபத்து நான்கு வருஷமும், மரணச் செய்திகளில் 'போராடி' என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூட அனுமதித்ததில்லை. யார் வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்தாலும் சரி, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு விழும். "இறந்தவங்க வந்து மறுப்பு அறிக்கை விடமாட்டாங்கங்கற தைரியத்துல எழுதற வார்த்தை இது" என்பார். அப்படிப்பட்டவரின் சாவுச் செய்தியிலேயே அந்தச் சொல். அவர் கண்ணில் படாது என்ற தைரியத்தில் யாரோ செருகியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சொல்லின்மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று நான் கேட்டதுண்டு. அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்தவர். வாசலில் நடந்த போராட்டங்களுக்குப் பதில் எழுதியே பாதி உத்தியோகம் கழிந்தது. "உண்ணாவிரதமும் போராட்டம், மினிபஸ்ஸுல உட்கார இடம் பிடிக்கறதும் போராட்டம். கொசுவோட போராட்டம், மாமியாரோட போராட்டம், எல்.கே.ஜி. சீட்டுக்குப் போராட்டம். நம்ம டீம் தோத்தா போராடித் தோல்வி. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையப் போட்டா நான் எதைத்தான் நம்பறது?" என்றார். போராடி வெற்றி என்றும்தான் போடுகிறார்களே என்று மடக்கினேன். "அது கடைசி ஓவர் வரைக்கும் மோசமா ஆடினதுக்கு மரியாதையான பேரு" என்றார். நம் பக்கத்துத் தமிழர்கள் மட்டும் என்ன, இந்த வங்காள ஊரில் போராட்டத்துக்கு அவர்கள் சொல்லும் 'லொடாய்' என்ற சொல் இல்லாத சுவரைக் காட்டுங்கள் என்று அதையும் சேர்த்துக்கொள்வார்.

லேக் கார்டன்ஸில் ஓர் அம்மாள் இறந்துபோனார். மகன்கள் இரண்டு பேரும் "நீண்ட காலம் நோயுடன் போராடி" என்று எழுதி அனுப்பினார்கள். சண்முகம் சார் அதை அப்படியே போட்டிருக்கலாம். போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய், சமைக்கிற பெண்ணிடம் விசாரித்திருக்கிறார். அம்மாள் அன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டு, சட்னியில் உப்பில்லை என்று அவளைத் திட்டிவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. மடலில் அதுவே வந்தது, உப்பு உட்பட. மகன்கள் சங்கத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள். வருஷாப்தீகத்துக்குப் போனபோது பார்த்தேன், அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள்.

மற்றவர்கள் வீட்டில் நடந்தவரைக்கும் எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் என் கணவர் இறந்தார். "பதினொரு நாள் மரணத்துடன் போராடி" என்று நான் எழுதிக் கொடுத்தேன். சண்முகம் சார் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"போராடினாரா, ருக்மணி?"

"ஆமாம்."

"அவர் என்ன சொன்னார்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "முதல் நாளே வீட்டுக்குப் போகலாம்னார். ரெண்டு தடவை சொன்னார். அப்புறம் வாயில குழாய் போட்டுட்டாங்க" என்றேன்.

சண்முகம் சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, "பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து" என்று எழுதினார். எழுதிய கையோடு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். எனக்கு அது தீர்ப்பு மாதிரி இருந்தது. போராடியது அவரல்ல, நீதான். வீட்டுக்குப் போகிறேன் என்ற மனுஷனை ஊசிக்கும் குழாய்க்கும் நடுவே பதினொரு நாள் பிடித்து வைத்தது நீதான் என்று சொன்ன மாதிரி. ஆறு மாதம் அவரோடு பேச்சில்லை. துர்கா பூஜை முடிந்து பிஜோயா அன்றைக்குச் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். "இந்த ஊர்ல பிஜோயாவுக்கு அப்புறம் பழைய சண்டை செல்லாது" என்றார். நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பேச ஆரம்பித்தோம். ஆனால் அந்தத் தீர்ப்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சரி என்று ஏற்றுக்கொண்டு, இந்த ஒன்பது வருஷமும் அதோடுதான் தூங்கி எழுந்தேன்.

இப்போது புரிந்திருக்கும், கரியாஹாட்டில் எனக்கு அழுகைக்கு முன்னால் ஏன் சந்தேகம் வந்தது என்று. நான் செய்ததையே அவர் வீட்டிலும் செய்திருக்கிறார்கள், அதை மூடத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. யோசிக்க யோசிக்க எல்லாமே அதற்குப் பொருந்தி வந்தது. ஒரு வருஷத்துக்கு முன் மகன் கார்த்திக் அவரை நியூ டவுனில் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப் போனான். அதன்பிறகு கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. "தூரம், ருக்மணி. கேப் கிடைக்கல" என்பார். கடைசியாகச் சித்திரை விழாவுக்கு வந்தபோது அந்தப் புழுக்கத்தில் தலையில் கம்பளித் தொப்பி. சளி என்றார். அதற்கப்புறம் போன் செய்தால் மருமகள் மிதாலிதான் எடுப்பாள். "பாபா தூங்குறார்" என்பாள். பகல் பதினொரு மணிக்கா? வங்காளிப் பெண், நம் மனுஷனை நம்மிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறாள் என்று நம் சங்கத்திலேயே சிலர் பேசினார்கள். அதில் நானும் ஒருத்தி. வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐந்தாம் நாள் நியூ டவுனுக்குப் போனேன். துக்கம் விசாரிக்கத்தான் போனேன் என்று சொன்னால் அவரே அதன்மேல் கோடு போடுவார். விசாரணைக்குப் போனேன். அவருக்குப் பதில் இப்போது மடலைப் பார்ப்பதும், அதில் அவரைப் பற்றி எழுத வேண்டியதும் நான். அந்தச் சொல்லை வெட்டுவதா வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியதும் நான்தான். கார்த்திக் காரியத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். மிதாலி கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அதைக்கூட நான் உடனே நம்பவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டேன். "குழுவில வந்ததே, அந்தத் தகவல். யாரு எழுதினது?"

"நான் சொன்னேன், மாஷிமா. கார்த்திக் டைப் பண்ணான். தப்பா இருக்கா?"

"போராடின்னு ஏன் போட்டே? அவருக்கு அந்த வார்த்தையே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஆனா லொடாய் கொரேச்சென், மாஷிமா. அதைத் தமிழ்ல வேற எப்படி சொல்றது? டாக்டர் போதும்னு சொன்னார். கார்த்திக்கும் போதும்பா, வீட்டுக்குப் போலாம்னு அழுதான். பாபா கேக்கல. இன்னும் ஒரு மருந்து இருக்காமே, அதைக் குடுங்கன்னார். ரெண்டு தடவை உடம்புக்கு ஒத்துக்கல. மூணாவது தடவையும் குடுங்கன்னார். வாந்தி எடுத்துட்டு, வாய கழுவிட்டு, அடுத்த டேட் எப்போன்னு கேட்டார். ரொம்ப பயந்தார். என் கைய புடிச்சா விடவே மாட்டார்."

நான் நம்பவில்லை. சண்முகம் சாரா? சாவு வந்த ஒவ்வொரு வீட்டுத் தாளிலும் அந்தச் சொல்லை வெட்டியவரா? வீட்டு மனுஷர்களைப் படுத்திவிட்டு இப்படிக் கதை சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், நானே ஒருத்தி. "ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கா?" என்று கேட்டேன். கேட்டதும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

முப்பது வருஷம் வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தவள் நான். ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். சம்மதப் படிவங்கள் எல்லாவற்றிலும் உறவினர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. நோயாளியின் இடத்தில் அவர் கையெழுத்து, அடியில் வழக்கமான இரண்டு புள்ளிகளோடு. கடைசிப் படிவத்தில் எழுத்து நடுங்கிக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. புள்ளிகள் இரண்டும் இருந்தன. பக்கத்தில் ஆங்கிலத்தில் அவரே எழுதியிருந்தார்: எனக்கு எல்லாம் விளக்கப்பட்டது, எனக்குச் சிகிச்சை வேண்டும். வேண்டும் என்பதன் கீழே ஒரு கோடு.

"எங்க யாருக்கும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். இந்தத் தடவை என் குரல் இறங்கித்தான் இருந்தது.

"சொல்லக்கூடாதுன்னார். சங்கத்துல யாருக்கும் சொல்லாதே, ருக்மணிக்கு மட்டும் சொல்லவே சொல்லாதேன்னார். ஏன் பாபான்னு கேட்டேன். 'அவ வீட்டுக்காரர் விஷயத்துல எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி வெட்டிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னார். அப்புறம் அழுதார். எனக்கு அர்த்தம் புரியல, மாஷிமா. உங்களுக்குப் புரியுதா?"

புரிந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் அவளைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் வாயில் வரவில்லை. இதை அவளுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். வந்து சொல்லியிருக்கலாம். உண்மை தெரிந்தபிறகு தவறு என்று திருத்தம் போடாத ஆசிரியர் என்ன ஆசிரியர்? ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் போய் விசாரித்தவர், தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொண்டார். பயந்தாராம். பயந்தால் என்ன? நானும்தான் பயந்தேன். நம் எல்லோரையும்விடத் துணிச்சலானவர் என்று அவரைப் பற்றிப் பேச வருகிற ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்குப் பல பேர் வருவீர்கள். பேசுங்கள். அவர் பிழைத்திருக்கத் துடித்தார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடமாட்டார்.

இந்த மடலில் அவருடைய மரணச் செய்தியை, அவர் பழக்கப்படியே வீட்டுக்குப் போய் விசாரித்து, காகிதம் பார்த்து, நானே எழுதியிருக்கிறேன். அதில் அந்தச் சொல் இருக்கிறது. இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக.

அவரிடமிருந்து எனக்கென்று எதை எடுத்துக்கொள்கிறேன் என்றால், அவருடைய சந்தேகத்தைத்தான். ஆனால் அவர் இருந்தவரைக்கும் அவர்மேல் அதைத் திருப்ப எனக்குத் தோன்றவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஏழாம் நாள், அவர் விரல்கள் என் விரல்களைச் சுற்றி இறுகின. நரம்பு தானாக இழுப்பது, அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். அதை நம்பினேன். அப்புறம் சண்முகம் சாரை நம்பினேன். வீட்டுக்குப் போகலாம் என்று என் கணவர் சொன்னது முதல் நாள். ஏழாம் நாள் அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.