முதலில் நிழலை வெட்டு

இன்னும் கட்டி முடிக்காத வீட்டை ஃபோனுக்குள் கட்டிக் காட்டுவது என் தொழில். அதாவது, சிதம்பரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள ஃபோன்களிடமெல்லாம் கெஞ்சுவது. விரலால் தள்ளினால் வாசல், ஹால், அடுப்படி என்று நடந்து பார்க்கலாம். என் கம்ப்யூட்டரில் எல்லாம் நிஜம்போலவே இருக்கும். வாடிக்கையாளர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் நடுத்தர ஃபோனில் திக்கித் திணறும். இதே பாவத்தைச் செய்து பிழைப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பலாமரம்

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர், வீடு எப்படி இருந்தாலும் சரி, வாசல் பலாமரம் அப்படியே வரவேண்டும் என்றார். ஆசை ஆசையாக ஒவ்வோர் இலையாக வைத்தேன். அவர் ஃபோன் அந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டது. பத்து இலைக்கு எட்டு இலையை எடுத்தேன், ஓடியது. அவர் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னா சார், இலய பூரா ஆட்டுக்கு ஒடிச்சிப் போட்டுட்டீங்களா?"

சூடு

இந்த ஃபோன்களுக்கு ஒரு குணம் உண்டு. சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் நிமிடம் குதிரை, ஐந்தாம் நிமிடம் எருமை. ஆகவே படத்தில் ஃபோனுக்குப் பாரமான எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். எதை வெட்டுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலி ரேவதி தலையைத் திருப்பாமலே சொன்னாள். "நிழல முதல்ல வெட்டு. எந்தக் கஸ்டமரும் நிழல எண்ணிப் பாக்க மாட்டாங்க."

செல்வராசு மாமா

கடலூர்ப் பக்கத்து மீனவர். சிறுநீரகம் கெட்டு, கடலுக்குப் போவதை நிறுத்தி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். செம்மண்டலத்தில் வீடு தொடங்கி அஸ்திவாரத்தோடு நின்றிருந்தது. முதல் நாளே என்னை மச்சான் ஆக்கிக்கொண்டார். அவர் மனைவி மல்லிகா எனக்கு அக்கா ஆனாள். "வீடு முடியற வரைக்கும் இருப்பனோ என்னமோ. நான் உள்ள நிக்கிறாப்புல ஒண்ணு காட்டு மச்சான்" என்று தன் போட்டோவைக் கொடுத்தார்.

மடித்துக் கட்டிய லுங்கியோடு அவரைச் செய்து ஹாலில் நிறுத்தினேன். விரலால் தள்ளினால் அவரும் கூடவே வருவார். அவருடைய பழைய ஃபோன் தாங்கவில்லை. பழக்க தோஷம், நிழலை வெட்டினேன். நிழல் போனால் நிற்கிற ஆள் தரையில் நிற்பதுபோல இருக்காது, ஒரு விரற்கடை மிதப்பார். அது எனக்குத் தெரியும். அவர் கவனிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவரோ வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் கேட்ட கேள்விக்கு நானும் சிரித்து, ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறேன் என்றேன். கேட்டது இதுதான். "என்னா மச்சான், காலு தரையில பாவலியே. இப்பவே பேயாக்கிட்டியா?"

அரை மணி நேரம்

அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது. பண்ருட்டிக்காரர் விடாமல் நச்சரித்ததில், பலாமரத்துக்கு இலைகளைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மதியம் மாமாவின் வேலையைத் திறந்தேன். நிஜ நிழல் எதற்கு? காலுக்கு அடியில் ஓரம் மங்கிய ஒரு கறுப்பு வட்டத்தை வைத்தால் போதும். ஃபோனுக்கு அது ஒரு பாரமே இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்தது. மாமா தரையில் அழுத்தமாக நின்றார். சந்தோஷமாக அவருக்கு ஃபோன் போட்டேன். அக்கா எடுத்து, அவர் போய் நான்கு நாளாகிறது என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போனேன். மாமாவின் ஃபோனிலேயே புதியதை ஏற்றிக் கொடுத்தேன். அக்கா அவரை ஹாலில் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி அடுப்படி வரை கூட்டிப்போனாள். ஃபோன் சூடாகியிருக்கும், கீழே வைக்கவில்லை. அவள் அழவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. கடைசியில் குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தாள். "இப்ப பாவுது தம்பி. இத அவரு இருக்கறப்பவே குடுத்திருக்கலாமே."

திக்காமல் ஓட நொடிக்கு முப்பது படம் வரைந்தாக வேண்டும் என்று நாள் முழுக்க ஃபோனை விரட்டுகிற நான், ஒரு கறுப்பு வட்டம் வைக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.