வெள்ளைச் சுறாவும் கீழக்குயில்குடிச் செல்வியும்

பொருட்காட்சி மீன்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மீன்களைச் சொல்வார்கள், கண்ணாடிச் சுரங்கத்தைச் சொல்வார்கள். கடற்கன்னி வேடமிட்டுத் தொட்டிக்குள் மூச்சடக்கும் பெண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள். கடல் உயிரியலில் முதுகலை முடித்து, கடலே இல்லாத மதுரையில் மைக் பிடித்துச் சுறாவை விளக்கியவள் நான். படிப்புக்கும் பிழைப்புக்கும் தொடர்பறுந்த தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

பொம்மைச் சுறா

வாயிலில் ஃபைபரில் செய்த பெரிய வெள்ளைச் சுறா பல்லைக் காட்டி நிற்கும். உயிருள்ளதை ஏன் வைக்கவில்லை என்று கேட்காதவர் இல்லை. அது பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில், சீல்கள் கூடும் கரையோரங்களில் வேட்டையாடும், நடுச்சமுத்திரம்வரை போய்வரும், ஓயாமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. தொட்டியில் அடைத்தால் சுவரில் மூக்கை மோதிக்கொள்ளும், இரை எடுக்காது, செத்துப்போகும் என்பேன். கோச்சடையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்ததையாச்சும் வச்சிருக்கலாம்லக்கா, பிள்ளைக அம்புட்டு ஆசையா வந்துச்சுக."

காதும் சிரிப்பும்

கடற்கன்னி செல்வி, கீழக்குயில்குடிக்காரி. வயற்கிணற்றில் நீந்திப் பழகியவள். ரப்பர் வாலுக்குள் கால்களை நுழைத்து, நாள் முழுவதும் முங்கி முங்கிச் சிரிப்பாள். தொட்டித் தண்ணீர் மாற்றப்படாமலே கிடந்தது. இடக்காதில் சீழ் வடிவதாக என்னிடம் சொன்னாள். பஞ்சு அடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். அவளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், தண்ணீரை மாற்ற வேண்டும் என்று மேலாளரிடம் சண்டையிட்டேன். அவர் பேசிக்கொண்டிருந்த செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "சிரிக்கிறதுக்குக் காது எதுக்கு மேடம்?"

தட்டிய பக்கம்

நீருக்குள் வெறுங்கண்ணுக்கு எல்லாம் மங்கல். அதனால் குழந்தை நிற்கும் பக்கக் கண்ணாடியை நான் தட்டுவேன். செல்வி ஒலி வந்த பக்கம் திரும்பிக் கையசைப்பாள். தொலைவில் துடிக்கும் மீனின் அதிர்வைக்கூட வெள்ளைச் சுறா உணர்ந்துவிடும் என்று ஒரு ஞாயிறு மாலை நான் முழங்கி முடித்து, கண்ணாடியைத் தட்டினேன். செல்வி திரும்பவில்லை. மீண்டும் தட்டினேன். ஆளில்லாத பின்சுவரைப் பார்த்து, மாறாத சிரிப்போடு அவள் கையசைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய் முகத்தைச் சுளித்தாள்: "எம்புட்டுத் திமிரு பாருங்க, எம்பிள்ளைய ஏறெடுத்துப் பாக்குறாளா?"

பொருட்காட்சி அடுத்த ஊருக்கு வேறொரு பெண்ணோடு போனது, நான் போகவில்லை. செவிப்பறை கிழிந்த செல்விக்கு இடக்காது முற்றிலும் போய், வலக்காதும் மந்தமாகிவிட்டது. இப்போது அவள் பழங்காநத்தத்தில் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்கிறாள். மெஷின் இரைச்சலைப் பற்றிக் குறை சொல்லாத ஒரே ஆள் அவள்தான் என்று முதலாளிக்கு அவள்மேல் தனி மதிப்பு.